தெரியுது மிஸ்

வெங்காயத்தின் தோல் என்றால் மேலே இருக்கும் சருகைத்தான் யாரும் நினைப்பார்கள். உயிரியல் டீச்சருக்கு வேண்டியது அதுவல்ல. வெங்காயத்தை நாலாக வெட்டி, சதைப்பற்றான ஓர் இதழைப் பிரித்து மெல்ல ஒடித்தால், உட்பக்கத்திலிருந்து ஈரமான கண்ணாடித்தாள் மாதிரி ஒன்று கூடவே வரும். அதைக் கிழியாமல், சுருளாமல், மடியாமல் இழுத்தெடுக்க வேண்டும். எடுத்த கையோடு தண்ணீரில் போட வேண்டும். சமையலறை மேசையில் உட்கார்ந்து அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். வந்ததெல்லாம் பாய் மாதிரி சுருண்டுகொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வேறு கொட்டியது.

"இன்னுமா முடியல?" என்றார் கணவர். அவள் ஒதுக்கித் தள்ளிய இதழ்களைப் பொறுக்கி அடுப்புப் பக்கத்தில் பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தார். அந்த வாரம் வீட்டில் எதைச் சமைத்தாலும் அதில் முக்கால்வாசி வெங்காயம்தான். "வெங்காயம் உரிச்சே சம்பளம் வாங்குற டீச்சர் ஊர் உலகத்துலயே நீ ஒருத்திதான்."

"கிண்டல் பண்ணாதீங்க. நாளைக்கு ஒரே ஒரு பீரியடுதான் குடுத்திருக்காங்க. சொதப்பினா அவ்வளவுதான். மறுபடி பீரோவுக்குள்ள போயிடும்."

பீரோவுக்குள் போகக் காத்திருந்தது பள்ளியின் மைக்ரோஸ்கோப். யாரோ ஒரு புண்ணியவான் நன்கொடையாகக் கொடுத்தது. அவள் வேலையில் சேர்வதற்கு முன்பே வந்து, தலைமை ஆசிரியையின் அறையில் இரும்பு பீரோவின் மேல்தட்டில், பிளாஸ்டிக் உறை போட்டபடி, விளையாட்டுக் கோப்பைகளுக்கு நடுவில் குடியிருந்தது. பெரிய மனிதர்கள் யாராவது பள்ளியைப் பார்க்க வந்தால் வெளியே எடுத்துத் துடைத்து மேசைமேல் வைப்பார்கள். அவர்கள் "அடடே" என்று சொல்லிவிட்டுப் போனதும் திரும்ப உள்ளே போய்விடும். இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து தொங்குவதால் தலைமை ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'பூட்டு'. பொல்லாதவர் என்று சொல்ல முடியாது. ஒரு காலத்தில் அவரும் பூகோளப் பாடம் நடத்தியவர்தான். ஆசையாக வாங்கிவந்த உலக உருண்டையை ஒரு வகுப்புக்குக் கொடுத்துவிட்டு வந்தவர், அடுத்த மணிக்குள் அது அச்சிலிருந்து கழன்று மைதானத்தில் உதைபடுவதைக் கண்ணால் பார்த்தார். அன்றைக்கு வாங்கியதுதான் முதல் பூட்டு.

டீச்சரும் ஆண்டுக்கணக்கில் செல்லைப் பலகையில்தான் நடத்தி வந்தாள். நீளக்கட்டம் ஒன்று, அதற்குள் இன்னொரு கோடு, நடுவில் பெரிய வட்டம், அங்கங்கே பச்சைச் சுண்ணாம்புக்கட்டியால் புள்ளிகள். "உயிரினங்களின் அடிப்படை அலகு எது?" என்று கேட்டால் வகுப்பே கூரை அதிர "செல்" என்று சொல்லும். படத்தை அவளைவிட அழகாகப் போட்டுப் பாகங்களும் குறிப்பார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் பாடம் முடிந்தபின், வகுப்பிலேயே உயரமானவன், எல்லாரும் 'ஒட்டடைக்குச்சி' என்று கூப்பிடும் பையன், தயங்கித் தயங்கி வந்து நின்றான். "மிஸ், இந்தச் செல்லு நம்ம உடம்புல எந்தப் பக்கம் மிஸ் இருக்கு?" என்று கேட்டான். இருதயம் இடப்பக்கம், கல்லீரல் வலப்பக்கம் என்பதுபோல இதற்கும் ஓர் இடம் இருக்கும் என்று நினைத்திருந்தான் பாவம். படம் போட்டதற்கு அவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்தவளே அவள்தான். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேரே தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனாள்.

அன்றைக்கு ஆரம்பித்த கெஞ்சல் இந்த வாரம்தான் பலித்தது. "ஒரே ஒரு பீரியட். நானே வந்து பார்ப்பேன்" என்றார் தலைமை ஆசிரியை. "பிள்ளைங்க நிஜமாவே எதையாவது பார்த்தாங்கன்னா அது உங்க லேப்லயே இருக்கட்டும். இல்லன்னா இந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது. சரியா?"

கடைசியில் ஒரு தோல் சுருளாமல் வந்தது. கிண்ணத்துத் தண்ணீரில் அது விரிந்து மிதந்ததைப் பார்த்ததும் அவளுக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

"எனக்கென்னவோ தோலை நினைச்சுக் கவலையில்ல" என்றார் கணவர். அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. "பாக்குறவங்களை நினைச்சாத்தான் கவலை. கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு, எழுத்து தெரியலன்னாலும் தெரியுதுன்னுதான் சொல்லுவாங்க. என்னமோ பரீட்சையில ஃபெயிலான மாதிரி அவங்களுக்கு ஒரு வெக்கம்."

"அப்ப நிஜமா தெரியுதான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"நிஜமா தெரிஞ்சவன் சும்மா இருக்க மாட்டான். 'என்ன சார், போர்டு ஓரத்துல பல்லி உக்காந்திருக்கே, விரட்ட மாட்டீங்களா'ன்னு கேப்பான்."

அவள் சிரித்துவிட்டு அடுத்த இதழை ஒடித்தாள்.

மறுநாள் மணி அடிப்பதற்கு வெகு முன்பே லேபுக்குப் போய்விட்டாள். லேப் என்று பெயர்தானே தவிர, நீளமான ஓர் அறை, ஒழுகும் குழாய் ஒன்று, முற்றத்தைப் பார்த்த ஜன்னல் ஒன்று, அவ்வளவுதான். ஜன்னலோரம் மேசையைப் போட்டு மைக்ரோஸ்கோப்பை வைத்தாள். அதன் அடியில் கைக்கு அடக்கமான வட்டக் கண்ணாடி ஒன்று உண்டு. வானத்து வெளிச்சத்தை வாங்கி மேலே அனுப்புவது அதுதான். அதை இப்படியும் அப்படியும் சாய்த்து, வட்டம் முழுக்கப் பளிச்சென்று ஆகும் கோணத்தில் நிறுத்தினாள். வெங்காயத் தோலில் ஒரு சதுரம் நறுக்கிக் கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு, மேலே மெல்லிய கண்ணாடி வில்லையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்லப் படுக்க வைத்தாள். தொப்பென்று போட்டால் காற்றுக்குமிழ் மாட்டிக்கொள்ளும். பிள்ளைகள் குமிழைப் பார்த்து அதுதான் செல் என்று சத்தியம் பண்ணுவார்கள்.

குனிந்து பார்த்தாள். தேன் நிறத்தில் ஒரு செங்கல் சுவர். நீளநீளமான கட்டங்கள், ஒன்றையொன்று தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஓரமாக ஒரு கருத்த புள்ளி. கல்லூரியில் எத்தனையோ தடவை பார்த்ததுதான். ஆனாலும் மனது ஒரு துள்ளுத் துள்ளியது. வெங்காயத்துக்குத் தான் இவ்வளவு ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறோம் என்பது தெரியுமா என்று அசட்டுத்தனமாக நினைத்துக்கொண்டாள்.

பிள்ளைகள் வந்தார்கள். கைகள் பின்னால், எதையும் தொடக் கூடாது, ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்ததும் நகர்ந்துவிட வேண்டும். இவ்வளவையும் சொல்லி வரிசையில் நிறுத்துவதற்குள் அவளுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. முதலில் வந்தவள் முதல் பெஞ்சுக்காரி, எதிலும் முதல். குனிந்தவள் "ஐ!" என்றாள். "மிஸ், இந்தக் கறுப்புப் புள்ளிதான் உட்கருவா? ஏன் மிஸ் எல்லாத்துலயும் ஓரமாவே ஒதுங்கி இருக்கு? புக்குல நடுவுலதானே இருக்கும்?"

"செல்லுக்குள்ள தண்ணிப் பை மாதிரி ஒரு நுண்குமிழ் உண்டு, அது நடு இடத்தை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. அதான் இது ஓரமா ஒண்டிக்கிட்டிருக்கு" என்றாள் டீச்சர். சந்தோஷத்தில் அவள் குரலே மாறியிருந்தது. இரண்டாவதாக வந்தவன் சுவரைச் செங்கல் செங்கலாக எண்ணவே ஆரம்பித்துவிட்டான். அவனைப் பிடித்து இழுத்துத்தான் நகர்த்த வேண்டியிருந்தது. மூன்றாவதாக ஒரு பெண் வந்தாள். அதற்குள் வரிசையின் வாலில் இரண்டு பேர் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளி ரகளை. டீச்சர் அங்கே ஓடிப்போய் அவர்களைப் பிரித்து நிறுத்திவிட்டு, அங்கிருந்தபடியே வரிசையை நடத்தினாள்.

"தெரியுதா?"

"தெரியுது மிஸ்."

"நகரு. அடுத்தது. தெரியுதா?"

"தெரியுது மிஸ்."

அதற்குப் பிறகு வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போயிற்று. ஒரு சந்தேகம் இல்லை, ஒரு தள்ளுமுள்ளு இல்லை. குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், தெரியுது மிஸ், போனார்கள். இத்தனை நாள் இந்தப் பிள்ளைகளைச் சந்தேகப்பட்டோமே என்று அவளுக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. ஒட்டடைக்குச்சியின் முறை வந்தது. கொக்கு மாதிரி வளைந்து, மற்றவர்களைவிட நெடுநேரம் பார்த்தான். கண்ணை மாற்றிப் பார்த்தான். அவன் என்ன கேட்பான் என்று அவள் ஆசையோடு காத்திருந்தாள்.

"என்னடா, தெரியுதா?"

அவன் முன்னால் பார்த்துவிட்டுப் போனவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "தெரியுது மிஸ்."

அவ்வளவுதான். போய்விட்டான். அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

வரிசை முடியப்போகும் சமயத்தில் சாவிக்கொத்தின் சத்தம் கேட்டது. வகுப்பே ஒரு நொடியில் விறைத்துக்கொண்டது. தலைமை ஆசிரியை வாசலில் நின்று, மைக்ரோஸ்கோப் முழுசாக இருக்கிறதா என்று முதலில் அதைத்தான் பார்த்தார்.

"எல்லாரும் பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு மேடம்!"

"என்ன பார்த்தீங்க?"

"செல்சுவர் மேடம்! சைட்டோபிளாசம் மேடம்! மைட்டோகாண்ட்ரியா மேடம்!" என்று ஆளுக்கொன்றாக எடுத்துவிட்டார்கள். எல்லாச் சத்தத்துக்கும் மேலே ஒரு குரல், "பசுங்கணிகம் மேடம், பச்சைப் பச்சையா அவ்வளவு அழகா இருந்துச்சு!" என்றது.

டீச்சர் வரிசையை விட்டு மேசைப் பக்கம் வந்தாள். மண்ணுக்குள் கிடக்கிற வெங்காயத்தில் ஏது பசுங்கணிகம்? மைட்டோகாண்ட்ரியா இந்த மைக்ரோஸ்கோப்புக்கு எட்டவே எட்டாது. அவர்கள் சொல்வது முழுக்க அவள் பலகையில் போட்ட படம். அவள் வாயைத் திறப்பதற்குள் தலைமை ஆசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார். சாவிக்கொத்து மேசையில் இடித்தது. அவர் நிமிர்ந்தார். பிள்ளைகளைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார்.

"ம். தெரியுது" என்றார். "நல்லா இருக்கு. லேப்லயே இருக்கட்டும் டீச்சர். இதுக்குன்னு ஒரு பெட்டி செஞ்சு தரச் சொல்றேன்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் பிள்ளைகளிடம் ஏதோ சொல்லத் திரும்பிய சமயத்தில் டீச்சர் குனிந்து ஒரு கண்ணை வைத்தாள். கும்மிருட்டு. தன் இமைமயிர்தான் இரண்டு கறுப்புக் குச்சிகளாக ஆடியது. கீழே பார்த்தாள். வட்டக் கண்ணாடி வானத்தை விட்டுவிட்டு அறையைப் பார்த்துத் திரும்பி நின்றது. எப்போது திரும்பியது? அந்தப் பையன் செங்கல் எண்ணினானே, அதற்கப்புறம் ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. போர்டு ஓரத்துப் பல்லியைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தால் போதும். கேட்டது கிடைத்துவிட்டது. கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு இன்னொரு நாள் ஆற அமரக் காட்டிக்கொள்ளலாம். இப்போது உண்மையைச் சொன்னால், பிள்ளைகள் எதையும் பார்க்கவில்லை என்று ஆகும். அது ஒப்பந்தத்துக்கே வேட்டு. அதைவிடப் பெரிய வம்பு, பூட்டு என்று பேரெடுத்தவரை இத்தனை பேருக்கு நடுவில் பொய் சொன்னதாகக் காட்டிக்கொடுப்பது. அவள் ஒட்டடைக்குச்சியைப் பார்த்தாள். அவன் கைதட்டாமல், ஒரு கண்ணைப் பொத்தி ஜன்னலைப் பார்ப்பதும், மறு கண்ணைப் பொத்திப் பார்ப்பதுமாக இருந்தான். தன் கண்ணையே சோதித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு மனது கேட்கவில்லை.

"மேடம், ஒரு நிமிஷம்" என்றாள். "இன்னொண்ணும் பார்த்துட்டுப் போங்க."

"இன்னொண்ணா?"

"உங்க கன்னம் மேடம்."

பிரிக்காத பொட்டலத்திலிருந்து ஒரு தட்டைக் குச்சியை எடுத்து அவள் நீட்டினாள். "வாய்க்குள்ள, கன்னத்து உள்பக்கம் லேசா வழிச்சுக் குடுங்க. வலிக்காது." தலைமை ஆசிரியை குச்சியைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாயைத் திறந்தார். அவர் வாய் பேச்சுக்கல்லாமல் வேறு எதற்கும் திறந்து அந்தப் பள்ளியில் யாரும் பார்த்ததில்லை. டீச்சர் அதைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டு, கொஞ்ச நேரம் பொறுத்துக் கழுவி, வில்லையைச் சாய்த்து மூடினாள். போகிற போக்கில் வட்டக் கண்ணாடியை வானத்தைப் பார்க்கத் திருப்பினாள். இந்தத் தடவை தானே முதலில் பார்த்துத் தெளிவாக்கிவிட்டுத்தான் விலகி நின்றாள்.

தலைமை ஆசிரியை குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"என்னது இது?" என்றார் கடைசியில்.

"நீங்கதான் மேடம்."

"கிழிஞ்ச தாளு மாதிரி இருக்கே. நடுவுல ஒரு நீலப் புள்ளி. இது ஏன் ஓரத்துல மடிஞ்சிருக்கு?" கைகளைப் பின்னால் கட்ட வேண்டும் என்ற விதி அவருக்கு மறந்துபோயிற்று. கண்ணாடித் துண்டை விரலால் தள்ளினார். "இடப்பக்கம் தள்ளினா இது வலப்பக்கம் போகுது! இங்க இன்னொண்ணு. இது ரெண்டும் ஒட்டிக்கிட்டிருக்கு. எத்தனை இருக்கும் இந்த மாதிரி?"

"எண்ணி முடியாது மேடம்."

"வழிச்சு எடுத்துட்டோமே. போனது போனதுதானா?"

"புதுசு வந்துடும். தினமும் உதிர்ந்துக்கிட்டேதான் இருக்கு, புதுசு வந்துக்கிட்டேதான் இருக்கு."

அவர் தலையைத் தூக்காமலே குரலைத் தாழ்த்தினார். "முன்னாடி பார்த்தப்போ ஒண்ணுமே தெரியல."

"எனக்குத் தெரியும் மேடம். கீழ இருக்குற கண்ணாடி திரும்பியிருந்துச்சு. முதல் ரெண்டு பேரைத் தவிர யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

"யாருக்குமேவா? அத்தனை பிள்ளைங்களும் தெரியுதுன்னு கத்தினாங்களே? என் கண்ணுதான் போயிடுச்சுன்னு நினைச்சுட்டேன் டீச்சர். நாளைக்கே கண் டாக்டரைப் பாக்கணும்னு..." அவர் சட்டென்று நிமிர்ந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். முன்வரிசை தானாகப் பின்வாங்கியது.

"இதுக்கு முன்னாடி பார்த்தப்போ ஒண்ணும் தெரியாதவங்க கையைத் தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை. அறையே தரையைப் பார்த்தது. அப்போது தலைமை ஆசிரியை தன் வலது கையைத் தூக்கினார். வளையல் முழங்கை வரை இறங்கியது. தூக்கிய கையை இறக்காமல் நின்றார். முதலில் ஒட்டடைக்குச்சியின் கை எழுந்தது, அது எழுந்தால் யாருக்குத்தான் தெரியாது. பிறகு இன்னொன்று. பிறகு மளமளவென்று, முதல் இரண்டு பேரைத் தவிர, வரிசையே கையைத் தூக்கிவிட்டது. பசுங்கணிகம் பார்த்த குரலும் அதில் ஒன்று.

"எனக்கு மட்டும்தான் தெரியலன்னு நினைச்சேன் மிஸ்" என்றான் ஒட்டடைக்குச்சி.

"எனக்கும்." "நானும் அப்படித்தான் நினைச்சேன் மிஸ்."

மூன்றாவதாக நின்ற பெண் அழும் நிலையில் முன்னால் வந்தாள். "நான்தான் மிஸ் அந்தக் கண்ணாடியைத் திருப்பிட்டேன். நெத்தியில பரு வந்திருக்கு. எப்படி இருக்குன்னு பாக்கலாம்னு..."

அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் அப்போது உடைந்தது. டீச்சரும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே தலைமை ஆசிரியையின் முகத்தைப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. மேசைமேல் கிடந்த பிளாஸ்டிக் உறையைக் கையில் எடுத்தார். அவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

"வரிசையா நில்லுங்க" என்றார் அவர். "முதல்லேருந்து."

மணி அடித்தது. அடுத்த பாடத்துக்குக் கணக்கு வாத்தியார் வாசலில் வந்து நின்றார். தலைமை ஆசிரியை அவரைப் பார்த்து ஒரு கையைக் காட்டினார், அவ்வளவுதான், அவர் சத்தமில்லாமல் போய்விட்டார். இந்த முறை வரிசை நகரவே இல்லை. ஒவ்வொன்றும் மேசையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. மிஸ் இது என்ன, மிஸ் அது ஏன், மேடம் உங்க செல்லு ரெண்டு சண்டை போடுது மேடம். பதில் சொல்லிச் சொல்லி டீச்சருக்கு வாய் வலித்தது. அப்படி ஒரு வலி அவளுக்குப் பிடித்திருந்தது. ஒட்டடைக்குச்சி கடைசியாக வந்தான். வளைந்து பார்த்தான். நிமிர்ந்து, தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப இங்கயும் இருக்கா மிஸ்?"

"அங்கயும்தான்."

"காதுல?"

"காதுலயும்தான்."

"அப்ப எந்தப் பக்கமும் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "நான் பூராவுமே இதுதான்."

எல்லாரும் போனபின் அவள் கண்ணாடித் துண்டுகளைக் கழுவினாள். மைக்ரோஸ்கோப் ஜன்னலோரத்தில் வெறும் உடம்போடு நின்றது. உண்மை தெரிந்தபின் அதை பீரோவுக்கு அனுப்புவதா இங்கேயே வைப்பதா என்று தலைமை ஆசிரியை கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை. மூடி வைக்கலாம் என்று உறையைத் தேடினாள், காணோம். வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

நடைவழியின் கோடியில், வெயில் விழுகிற இடத்தில் தலைமை ஆசிரியை நின்றுகொண்டிருந்தார். பிளாஸ்டிக் உறை நாலாக மடிந்து அவர் அக்குளில் இருந்தது. சாவிக்கொத்து சத்தமில்லாமல் தொங்கியது. தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், வாயை மூடிக்கொண்டு, நாக்கால் கன்னத்தின் உள்பக்கத்தை மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தார். வெயிலில் அந்தக் கன்னத்தில் சின்னதாக ஒரு மேடு எழும்பி, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்ந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.